மரம் ஏறுபவருக்கு ஒரு பாலிசி

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் தோட்ட வேலை என்றால் புல்வெட்டும் மெஷின் இல்லை மக்களே, தென்னை மரம்தான்! காய் வெட்ட ஆள் கூட்டிவரும் அண்ணாச்சிகளிடம் இன்சூரன்ஸ் என்றால் சிரிக்கிறார்கள். சரி, ஏறியவர் விழுந்தால்?

தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேரா சுரக்‌ஷா' மரம் ஏறுபவர்களுக்கான விபத்துக் காப்பீடு. பிரீமியத்தில் பெரும்பங்கை வாரியமே கட்டுகிறது. 2015-ல் வந்த பிரதமர் சுரக்‌ஷா பீமா, 18 முதல் 70 வயது வரை பேங்க் கணக்கு உள்ள யாருக்கும். 2022 முதல் வருடத்துக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஒரு இளநீர் விலைகூட இல்லை!

ஆனால் இரண்டுமே ஏறுபவருக்குத்தான். காய் விழுந்து பக்கத்து வீட்டு கார் கண்ணாடி உடைந்தால் இவை தராது. அதற்குக் காண்ட்ராக்ட் எடுப்பவர் தனியாக லயபிலிட்டி பாலிசி போட வேண்டும்.

அடுத்த முறை காய் வெட்ட ஆள் வந்தால், கூலி பேசும்போதே இதையும் கேளுங்களேன்.