சந்தனத்தின் ஒன்றுவிட்ட தங்கை

ஆஸ்திரேலியாவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் மகள் நர்ஸாக இருக்கிறாள். போன வருடம் போயிருந்தபோது, வேலி போட்ட ஒரு பாலைவனத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். சுற்றிக் காட்டியவர் அந்த மண்ணின் பூர்வகுடிப் பாட்டி ஒருவர்.

செக்கச்செவேல் பழங்களோடு ஒரு சின்ன மரம். பேர் குவாண்டாங். நம் சந்தன மரத்தின் இனம்தானாம். சந்தனம் மாதிரியே பக்கத்துச் செடியின் வேரை உறிஞ்சித்தான் வளரும். பழம் நல்ல புளிப்பு. காயவைத்து எடுத்துவைத்து, வேண்டும்போது ஊறவைத்துத் தின்பார்களாம். நம் வற்றல் கணக்குத்தான்!

ஈமு பறவையின் எச்சத்திலிருந்தும் கொட்டை பொறுக்குவோம் என்றார். நான் முகம் சுளிக்க, மகள் கையைக் கிள்ளினாள். பாட்டி சிரித்தார். "சதை போய்ச் சுத்தமாகக் கிடைக்குமே!" உள்ளிருக்கும் பருப்பை அரைத்துத் தோலில் பூசுவார்களாம். என் வேனல்கட்டிக்கு அம்மா சந்தனம் இழைத்த கல் ஞாபகம் வந்தது.

"வெளியே நிறைய இருக்குமா?" என்றேன். சிரிப்பு நின்றது. 19ஆம் நூற்றாண்டில் சுமை தூக்கக் கொண்டுவந்த ஒட்டகங்களை, லாரி வந்ததும் காட்டில் அவிழ்த்துவிட்டார்கள். பெருகிப்போன அவை இந்த மரத்தைக் கண்டால் விடுவதில்லை. அம்மாவோடு தான் பழம் பறித்த இடத்தில் இன்று ஒரு மரமும் இல்லை என்றார். அந்த ஒட்டகங்களில் பல அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து கப்பலேறியவை. நான் வாயைத் திறக்கவில்லை.

கிளம்பும்போது ஒரு கொட்டை தந்தார். மகள் வீட்டுக் கொல்லையில், ஒரு செடியை ஒட்டி ஊன்றிவிட்டு வந்தேன். இன்னும் முளைக்கவில்லை. வாரம் தவறாமல் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.