மிச்ச மழை

எங்கள் பக்கத்தில் ஆனி, ஆடி மாதங்களில் பெய்வதை மழை என்று சொன்னால் மழைக்கே கோபம் வந்துவிடும். அதற்குச் சாரல் என்று பெயர். மேற்கே குமுளியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். குடை பிடித்தும் பிரயோஜனம் இருக்காது. மலையிறங்கி இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிற கம்பத்தில், சட்டைத் தோளில் நாலு பொட்டு விழும். அரபிக் கடலிலிருந்து மேகம் சுமந்து வந்த சரக்கையெல்லாம் மலை தன் மேற்குச் சரிவிலேயே இறக்கி வாங்கிக்கொள்கிறது. தப்பித் தவறிச் சிதறுவதுதான் இந்தப் பக்கம் வருகிறது. "மலை குடிச்ச மிச்சம்டா நமக்கு" என்பாள் என் தாயார்.

அந்த மிச்சத்தில் ஒரு சுகம் உண்டு. முழு மழை ஆளை வீட்டுக்குள் விரட்டும்; சாரல் ஆளை வாசலுக்கு அழைக்கும். சாரல் விழுந்தால் என் தாயார் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவாள். அடுப்பில் என்ன தீய்ந்தாலும் சரி.

மலையை ஒரேயடியாகக் கஞ்சன் என்று சொல்லிவிடவும் முடியாது. மழையைத் தடுக்கிற அதே மலையின் இடுக்குகளில் புகுந்து வருகிற காற்றுதான் கீழே காற்றாலைகளைச் சுற்றுகிறது. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை, பென்னிகுவிக் என்ற வெள்ளைக்கார எஞ்சினீயர் 1887 முதல் 1895 வரை பாடுபட்டு அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டார். அந்தத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் மின்சாரமாகிவிட்டு, முல்லையாறாக ஓடி, கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இரு போக நெல்லுக்குப் பாய்கிறது. பிறகு வைகையில் சேர்ந்து மதுரைக்கும் அதற்கு அப்பாலும் போகிறது. அவர் பிறந்த நாளான ஜனவரி 15-ஆம் தேதி இங்கே அவர் படத்துக்கு மாலை போட்டுப் பொங்கல் வைக்கிறவர்கள் உண்டு. எங்களுக்கு வராத மழை, இப்படிக் கொல்லைப்புற வழியாக வந்து சேருகிறது.

சென்ற வருஷம் ஆடி மாதத்தில் ஒரு பத்திரிகை ஆசிரியர் என்னைக் கேட்டிருந்தார்: "அன்றாட வாழ்க்கையில் அகப்படுகிற சின்னச் சின்னச் சந்தோஷங்களைப் பற்றி எழுதுங்களேன். படிக்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்."

எனக்கு இதைவிடச் சௌகரியமான விஷயம் வேறு கிடைக்காது என்று நினைத்தேன். தேனியில் என் வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கையில் காப்பி, எதிரே சாரல். மளமளவென்று பட்டியல் ஓடியது. முதல் வாய் காப்பி. நனைந்த மண்ணின் வாசனை. ரயிலின் ஊதல். இந்த ஊதலுக்கு விசேஷம் உண்டு. அகலப் பாதை போடுவதற்காக 2010 டிசம்பர் கடைசியில் நிறுத்திய மதுரை ரயில், 2022 மே மாதம்தான் தேனிக்குத் திரும்பிற்று. அடுத்த வருஷம் ஜூனில் போடி வரை போயிற்று. பதினோரு வருஷத்துக்கு மேல் காதில் விழாத ஒலி மறுபடி விழுந்த அன்று, எங்கள் தெருவில் பல பேர் காரணமில்லாமல் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது டெலிபோன் அடித்தது. சுருளிப்பட்டிப் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற என் அண்ணன்.

"டேய், அங்க சாரல் அடிக்குதா?"

"அடிக்குதுண்ணே. அருமையா இருக்கு!"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இங்கயும் மூணு நாளா விடாம அடிக்குது. பழம் வெடிக்குதுடா."

காப்பி தொண்டையில் நின்றது. பங்குனியில் கவாத்து வெட்டிய தோட்டம் அது. நாலு மாதம் மருந்தும் உரமும் ஆள்கூலியும் போட்டு வளர்த்து, இன்னும் ஐந்தாறு நாளில் பழம் இறக்க வேண்டிய சமயம். பழுத்த திராட்சையின் தோல் மெல்லியது. வேரிலும் தோலிலும் ஈரம் ஏறினால் பழம் உப்பி வெடித்துவிடும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்தால் என்ன? மழை மரியாதை பார்த்தா பெய்யப்போகிறது?

காகிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கம்பம் பஸ் ஏறினேன். வீரபாண்டியில் ஆறு நிறையப் போய்க்கொண்டிருந்தது. சின்னமனூர், உத்தமபாளையம் வழியெல்லாம் நட்ட நெல் பச்சையாக நின்றது. வேறொரு நாளாயிருந்தால் அதையும் பட்டியலில் சேர்த்திருப்பேன்.

கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்த பந்தலுக்கடியில் அண்ணனும் மதினியும் கழுத்தை அண்ணாந்தபடி நின்றிருந்தார்கள். கொத்துக் கொத்தாகக் கறுத்துத் தொங்கிய குலைகளில் வெடித்த பழங்களைச் சின்னக் கத்தரியால் ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டிருந்தார்கள். வெடித்த பழத்தை விட்டுவைத்தால் அதன் சாறு வழிந்து பக்கத்துப் பழமும் கெடும். அன்று காலையில்தான் வியாபாரி வந்து பார்த்து, பேசின விலையில் பாதியைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஆறுதல் சொல்லத்தானே வந்திருக்கிறேன்? சொன்னேன்.

"மனசை விடாதீங்கண்ணே. இந்தச் சாரல் நெல்லுக்காவது ஆகுமில்ல?"

மதினி திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபமில்லை.

"தம்பி, நெல்லு நம்ம நெல்லா?" என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. இன்னொரு கத்தரி இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் கழுத்து வலித்தது. இரண்டு மணி நேரத்தில் கழுத்து இருப்பதே மறந்து போயிற்று. தரையெல்லாம் வெடித்த பழம். ஈ மொய்த்தது. நாங்கள் மூன்று பேரும் அதிகம் பேசவில்லை.

சாயங்காலம் மேகம் சற்று விலகி, மேற்கே மலை தெரிந்தது. மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணன் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியாறு எத்தனை அடி நிக்குதுன்னு போன்ல பாரு" என்றார்.

142 அடி வரை தேக்கலாம் என்று 2014-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்ததிலிருந்து, அந்த எண் எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்குக்கூட மனப்பாடம். நான் பார்த்துச் சொன்னேன். நேற்றைவிட ஏறியிருந்தது.

"ஏறுதா? நல்லது, நல்லது" என்றார். அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம் தெரிந்தது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"நமக்குத்தான் நெல்லு இல்லையேண்ணே?"

"தெக்குத் தெருக்காரன் மூணு ஏக்கர் நட்டிருக்கான்ல? அவன் எனக்கு முப்பதாயிரம் தரணும். வெளஞ்சாத்தானடா தருவான்?"

மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததைப் பார்த்து அண்ணன் சிரித்தார். பாதிப் பழம் போன தோட்டத்தில் மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அதனால் நஷ்டம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இதை நான் ஒளிக்க விரும்பவில்லை. அண்ணன் வாங்கிய கடனுக்கு வட்டி அன்றைக்கும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. கஷ்டத்தை ஈடுகட்டச் சந்தோஷம் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது பிசகு. அதற்கு வேறு கணக்கு. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிற மாதிரி, இது பாட்டுக்கு இது, அது பாட்டுக்கு அது.

இன்னொன்றும் தெரிந்தது. காலையில் நான் சொன்னதும் நெல்தான். சாயங்காலம் அண்ணன் சொன்னதும் நெல்தான். நான் சொன்னபோது அது காயத்தில் விரல் வைத்தது. அவர் சொன்னபோது எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. நல்லதைப் பார் என்று சொல்கிற பாத்தியதை, பழம் வெடித்தவனுக்குத்தான் உண்டு. பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கத்தரி பிடிக்கிற பாத்தியதை மட்டுந்தான்.

ஆசிரியருக்காக எழுதி வைத்த பட்டியலை நான் கிழித்துப் போடவில்லை. காப்பியும் மண் வாசனையும் ரயிலின் ஊதலும் பொய்யாகிவிடுமா? அவை எனக்கு வைத்துக்கொள்ள. இன்னொருவர் கையில் திணிக்க அல்ல.

புறப்படும்போது மதினி ஒரு பை நிறையத் திராட்சை கொடுத்தாள். வெடித்ததெல்லாம் நீக்கி, நல்லதாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தாள். "பிள்ளைகளுக்குக் குடுங்க தம்பி" என்றாள். ராத்திரி வீட்டுக்கு வந்து கழுவி, ஒன்றை வாயில் போட்டேன். மழை குடித்த பழம். கொஞ்சம் நீர்த்துத்தான் இருந்தது.

ஆனாலும் தித்தித்தது.