ஓடாத சோதனைக்கும் பச்சை நிறம்தான்

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதுகிற வேலை எதற்கு என்று நிறையப்பேர் கேட்டிட்டினம். ஊர்ப் பேச்சுச் சொற்களைச் சேர்த்து, தேடிப் பார்க்கக்கூடிய ஒரு சின்ன அகராதி செய்ய நினைத்தோம். செய்து தர ஆளில்லை. அதனால் நாங்களே ஜாவா பழகினோம்.

முதலில் காட்டியது நண்பி ஒருத்தியின் அம்மம்மாவுக்கு. சொற்களில் பாதி அவ தந்தவைதான். “எங்க, ‘கொடுகுது’ எண்டு போட்டுப் பாருங்கோ பிள்ளையள்” என்றா. குளிரில் உடம்பு நடுங்குவதற்கு அவ சொன்ன சொல் அது. போட்டோம். ‘முடிவுகள் இல்லை’ என்று வந்தது. “அப்ப நான் சொன்னதை நீங்கள் எழுதேல்லையோ?” அவ கோபப்படவில்லை. எங்களுக்குச் சுட்டது அதுதான்.

எழுதித்தான் இருந்தோம். தரவுத்தளத்தில் சொல் இருந்தது. பாமினி எழுத்துருவில் தட்டிய பட்டியலை யுனிகோடுக்கு மாற்றியபோது, ‘கொ’வின் கொம்பும் அரவும் தனித்தனிக் குறிகளாகப் போய்விட்டன. கைபேசியில் தட்டினால் இரண்டும் சேர்ந்த ஒரே குறியாக வந்தது. யுனிகோடில் இரண்டு முறையும் செல்லும். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. இரண்டு பக்கத்தையும் என்.எஃப்.சி. என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றியதும் பிழை தீர்ந்தது.

ஆனால் எங்கட சோதனைகள் ஏன் இதை முன்னமே சொல்லவில்லை? சேமிக்கிற பகுதியைத் தனியாகச் சோதித்தோம், சரி. தேடுகிற பகுதியையும் தனியாகச் சோதித்தோம், அதுவும் சரி. இரண்டையும் சேர்த்து ஒருநாளும் பார்க்கவில்லை. எனவே பழைய பட்டியலிலிருந்து ஒரு சொல்லை உண்மையான தரவுத்தளத்தில் போட்டு, மறுபக்கத்தால் தேடி எடுக்கும் ஒருங்கிணைப்புச் சோதனை ஒன்றை எழுதினோம். பில்ட் ஓடியது. பச்சை அடையாளம் வந்தது.

ஒரு சந்தேகத்தில், செய்த திருத்தத்தை வேண்டுமென்றே கழற்றிவிட்டு ஓடவிட்டோம். அப்பவும் பச்சை!

பதிவைப் பார்த்தால், அந்தச் சோதனை ஓடவே இல்லை. மேவனில் ‘ரெஸ்ட்’ என்று பெயர் முடிகிற சோதனைகளை ஷூர்ஃபயர் என்ற செருகி ஓட்டும். ‘ஐரி’ என்று முடிகிறவை ஃபெயில்சேஃப் செருகிக்கு உரியவை. அது தானாக வராது. பொம் கோப்பில் அதைச் சேர்த்து, சோதனையை ஓட்டும் பணி, முடிவைச் சரிபார்க்கும் பணி இரண்டையும் எழுதவேண்டும். நாங்கள் அதைச் செய்யவில்லை. போதாததற்கு, பில்டுக்குக் கொடுத்த கட்டளை ‘எம்விஎன் ரெஸ்ட்’. அது அலகுச் சோதனைகளோடு நின்றுவிடும்.

செருகியைச் சேர்த்து, கட்டளையை ‘எம்விஎன் வெரிஃபை’ என்று மாற்றினோம். ஃபெயில்சேஃபில் ஒரு நல்ல குணம் இருக்கு. சோதனை தோற்றாலும் அந்த இடத்திலேயே பில்டை நிறுத்தாது. சோதனைக்காகக் கிளப்பிய தரவுத்தளத்தை நிறுத்துகிற கட்டத்துக்கு இடம்விட்டு, பிறகு ‘வெரிஃபை’ கட்டத்தில்தான் பில்ட் தோற்றதென்று சொல்லும்.

இந்தமுறை சிவப்பு வந்தது. சிவப்பைக் கண்டு நாங்கள் சந்தோசப்பட்டது அண்டைக்குத்தான். திருத்தத்தைத் திரும்பப் போட்டபிறகு வந்த பச்சையைத்தான் நம்பினோம். நீங்களும் புதுச் சோதனை எழுதினால் ஒருதரம் அதைத் தோற்கவைத்துப் பாருங்கள்.

பிறகு அம்மம்மாவிடம் போனோம். ‘கொடுகுது’ வந்தது. கண்ணாடியைச் சரிசெய்து வாசித்துவிட்டுச் சொன்னா: “சரி, இனி ‘கொட்டில்’ எண்டு போடுங்கோ பாப்பம்.”