சேலத்துத் தட்டுவடையும் இத்தாலி ரொட்டியும்

ஒரு ஊருக்குப் போனால் கோயில், மலை, துணிக்கடை என்று பார்த்து வருவதுதான் நம் வழக்கம். நான் போன மாதம் நாமக்கல்லிலிருந்து சேலத்துக்குப் போனதோ ஒரு தள்ளுவண்டிக் கடையைப் பார்க்க! சிரிக்காதீர்கள் சகோதரிகளே, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. காலையில் சடங்கும் கலந்த சாதமும். மாலையில் அவளுடைய ஆபீஸ் தோழிகள் பன்னிரண்டு பேருக்கு வீட்டிலேயே ஒரு சின்ன விருந்து. "அம்மா, பஜ்ஜி, போண்டா வேண்டாம். இத்தாலியில சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு வைப்பாங்க, அது மாதிரி சுலபமா ஏதாவது பண்ணலாம்மா" என்று போனில் ஒரு படம் அனுப்பினாள். சுட்ட ரொட்டித் துண்டின் மேல் தக்காளி நறுக்கிப் போட்டிருந்தது. பெயர் புருஸ்கெட்டாவாம்.

"ஏன் கண்ணு, இது நம்ம சேலம் தட்டுவடை செட்டுக்கு ஒண்ணு விட்ட தங்கச்சி மாதிரி இருக்குதே!" என்றேன்.

"அதைத்தாம்மா நாலு மாசமா நாக்கு கேக்குது. நீதான் விட மாட்டேங்கறயே" என்றாள் சட்டென்று.

விடாததற்குக் காரணம் உண்டு. ஐந்தாம் மாதத்தில் வெளியில் எதையோ சாப்பிட்டு, வயிற்றுப்போக்கு வந்து, இரண்டு நாள் குளுகோஸ் ஏற்றும்படி ஆகிவிட்டது. அந்த இரண்டு ராத்திரியும் நான் தூங்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டுக் கேட்பதை இல்லையென்று சொல்லவும் மனசு வரவில்லை, கொடுக்கவும் பயம். சரி, செய்கிறவர்களிடமே கேட்டுவிடுவோம் என்று பஸ் ஏறிவிட்டேன்.

நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கு ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 2013-லிருந்து ரயிலும் ஓடுகிறது. ஆனாலும் எனக்குப் பஸ் ஜன்னல்தான் பிடிக்கும். நரசிம்மர் குடிகொண்ட ஒற்றைப் பாறையும் அதன் மேலுள்ள கோட்டையும் பின்னால் மறைய, வழி நெடுக நீள நீளமாகக் கோழிப் பண்ணைகள். புதுச்சத்திரம், ஆண்டகளூர் கேட் தாண்டும்போது கிழக்கே கொல்லிமலை நீலமாகத் தெரியும். இருபுறமும் மரவள்ளிக் காடு. ஜவ்வரிசி ஆலைகளின் களத்தில் வெள்ளை வெளேரென்று காய வைத்திருப்பார்கள். மல்லூர் வந்தால் சேலம் வந்த மாதிரிதான்.

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை, அக்ரஹாரம் என்று எந்தப் பக்கம் போனாலும் சாயந்திரமானால் தட்டுவடைக் கடை கண்ணில் படும். மற்ற ஊரில் தட்டை என்பதைத்தான் இங்கே தட்டுவடை என்பார்கள். உள்ளங்கையில் பாதி அளவு. ஒன்றின் மேல் பச்சைச் சட்னி, காரச் சட்னி. அதன் மேல் காரட், பீட்ரூட் துருவல், வெங்காயம். எலுமிச்சை நாலு சொட்டு. மேலே இன்னொரு தட்டுவடை. இதுதான் செட். நொறுக்கிப் போட்டுக் கலந்தால் நொறுக்கல். அவித்த முட்டை வைத்தால் முட்டை செட். மாங்காய் நாட்களில் மாங்காய்த் துருவலும் சேரும்.

நான் போன வண்டியில் என் வயசு ஒரு அம்மாள். ஒரு செட் வாங்கித் தின்றுகொண்டே, "ஏனுங்க, சட்னிக்கு என்ன தண்ணி ஊத்தறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. "காச்சி ஆறின தண்ணிதாங்க. எம் பொண்ணுங்களும் இதைத் தின்னுதான் வளந்தாங்க" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மகள் விஷயத்தைச் சொன்னேன்.

உடனே குரல் மாறிவிட்டது. "அப்பிடீன்னா இங்கேருந்து செட்டு வாங்கிட்டுப் போவாதீங்கக்கா. நான் எவ்வளவு சுத்தமா வச்சாலும் இது ரோடு, தூசி பறக்குது. அறுத்த காய் நேரமாக ஆகக் கெட்டுப்போவும். வெறும் தட்டுவடை வாங்கிட்டுப் போங்க. மிச்சத்த வூட்ல பண்ணுங்க. சொல்லித் தர்றேன்." வியாபாரத்தை விட்டுவிட்டுச் சொன்ன அந்த வார்த்தையை என்னால் மறக்க முடியாது. நூறு தட்டுவடை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

தட்டுவடை கிடைக்காத ஊர்க்காரர்களுக்கு இதோ முறை: அரிசி மாவு 2 கப், வறுத்து அரைத்த உளுந்து மாவு 1 மேஜைக்கரண்டி, பொட்டுக்கடலை மாவு 2 மேஜைக்கரண்டி, வெண்ணெய் 2 மேஜைக்கரண்டி, ஊற வைத்த கடலைப்பருப்பு கொஞ்சம், மிளகாய்த் தூள், பெருங்காயம், கறிவேப்பிலை, உப்பு. கெட்டியாகப் பிசைந்து, சிறு வட்டமாகத் தட்டி, முள்கரண்டியால் குத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பூரி மாதிரி உப்பிவிடும். மிதமான தீயில் எண்ணெயின் சலசலப்பு அடங்கும்வரை வேக வேண்டும்.

காரச் சட்னிக்கு ஊற வைத்த மிளகாய் வற்றல் 8, பூண்டு 6 பல், தக்காளி 2 ஆகியவற்றை வதக்கி அரைக்க வேண்டும். பச்சைச் சட்னிக்குக் கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு. தழையை மூன்று தண்ணீரில் அலசி, காய்ச்சி ஆறிய நீரில் அரைத்தேன். மகளுக்கு மட்டும் காரம் பாதி. காரட், பீட்ரூட்டைத் தோல் சீவி ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து, ஆறியபின் துருவினேன். வெங்காயத்தை வதக்கிவிட்டேன். முட்டை வைப்பதானால் மஞ்சள் கருவும் கெட்டியாகும்வரை வேக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அரைவேக்காடு ஆகாது.

இத்தாலி ரொட்டியையும் விடவில்லை. ரொட்டித் துண்டைத் தோசைக்கல்லில் முறுகச் சுட்டு, சூட்டோடு பூண்டுப் பல்லால் தேய்க்க வேண்டும். தக்காளியை விதை நீக்கிப் பொடியாக நறுக்கி, உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வடிகட்டியில் வைத்து, ஆலிவ் எண்ணெய் கலந்து மேலே வைக்க வேண்டியதுதான். அவர்கள் போடும் பேசில் இலை வேறொன்றுமில்லை, நம் திருநீற்றுப் பச்சிலைதான்! அவர்கள் தக்காளியும், நம் மிளகாயும், வழியில் பார்த்த மரவள்ளியும் எல்லாமே அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தவை என்பதை நினைத்தால் வேடிக்கையாக இல்லையா?

இரண்டுக்கும் ஒரே சட்டம்: தண்ணீர் இறங்கினால் நமுத்துப்போகும். பீட்ரூட்டைப் பிழிந்து, தக்காளியை வடித்து, விருந்தாளி உட்கார்ந்தபிறகுதான் அடுக்க வேண்டும்.

நான் அடுக்க நினைத்தேன். அந்தப் பெண்கள் விடவில்லை. தாங்களே தட்டைச் சுற்றி உட்கார்ந்து அடுக்கி அடுக்கித் தின்றார்கள். ரொட்டியில் நாலு மிஞ்சியது; தட்டுவடை மிஞ்சவில்லை. பொரித்ததும் உப்பும் அதிகம் ஆகாதென்பதால் மகளுக்கு இரண்டே செட். முதல் கடியில் கண்ணை மூடிக்கொண்டாள். அன்று ராத்திரி இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். கை நிறைய வளையலோடு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை பிறந்ததும் முதல் காரியமாகச் சேலத்துக்குப் பஸ் ஏற வேண்டும். அந்த அம்மாளுக்குச் சர்க்கரை கொடுக்க வேண்டாமா?