ஒரு லட்ச ரூபாய் காரும் எங்க வீட்டு வாசலும்



மெக்கானிக்கல் படிக்கும் உங்களில் பலருக்கும் இந்தச் சங்கடம் வந்திருக்கும். ஊரில் யார் வீட்டு போர் மோட்டார் ஓடவில்லை என்றாலும், மிக்ஸி சுற்றவில்லை என்றாலும் "டிப்ளமா படிக்கிற தம்பியைக் கூப்பிடு" என்பார்கள். மிக்ஸி நம் சிலபஸில் இல்லை என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்? ஆனால் போன மாதம் எங்க அப்பா கேட்ட கேள்வி மிக்ஸி மாதிரி சின்ன விஷயமில்லை.

"கீரமங்கலத்துல ஒருத்தர் நானோ கார் ஒண்ணு வச்சிருக்காரு. எழுபதாயிரம் சொல்றாரு. பொறுமா, பொறாதா? நீதான் படிக்கிறியே, பார்த்துச் சொல்லு."

பொறுமா என்றால், அந்த விலைக்குத் தகுமா என்று அர்த்தம். எங்க வீட்டில் ஒரு பொருளை வாங்கலாமா என்று என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. அந்த எழுபதாயிரம் அம்மா மூன்று வருஷமாகக் கட்டிவந்த சீட்டுப் பணம்.

நானோ என்றாலே நம் ஹாஸ்டலில் சிரிப்புத்தான். "ஆட்டோவுக்கு நாலாவது சக்கரம் வச்சது" என்பான் ஒருவன். ஆனால் அந்தக் காரின் கதை சிரிக்கக்கூடியது இல்லை. ஒரு ஸ்கூட்டரில் குடும்பமே நெருக்கிக்கொண்டு மழையில் போவதைப் பார்த்துத்தான் ரத்தன் டாட்டாவுக்கு அந்த எண்ணம் வந்தது. 2008 ஜனவரியில் டெல்லி கண்காட்சியில் வண்டியைக் காட்டினார். விலை ஒரு லட்சம் என்றார். அது தொழிற்சாலை வாசல் விலை, வரியும் மற்றதும் தனி. மேற்கு வங்கம் சிங்கூரில் நிலப் பிரச்சினை வந்து, தொழிற்சாலை குஜராத் சனந்துக்குப் போனது. 2009 மார்ச்சில் விற்பனைக்கு வந்தபோது இரண்டு லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். குலுக்கல் போட்டுத்தான் ஆள் எடுத்தார்கள். அப்படி வந்த வண்டி, 2018 ஜூன் மாதம் மொத்தமே ஒன்றுதான் தயாரானது. அப்புறம் கொஞ்ச நாளில் கதையும் முடிந்தது.

ஏன் முடிந்தது? 2010-இல் சில வண்டிகள் தீப்பிடித்தது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம், உலகத்திலேயே மலிவான கார் என்ற பெயர். கார் வாங்குகிறவன் நாலு பேர் பார்க்கவும்தான் வாங்குகிறான். இவன் மலிவு வண்டி வாங்கினான் என்று ஊர் சொல்லுமே! ரத்தன் டாட்டாவே பின்னால், மலிவு என்று சொல்லி விற்றது தவறு என்று ஒப்புக்கொண்டார். நம் தமிழ்நாட்டில் ஜி.டி.நாயுடு 1952-லேயே இரண்டாயிரம் ரூபாயில் இரண்டு பேர் உட்காரும் கார் செய்தார். அதற்கு அரசாங்க லைசென்ஸே கிடைக்கவில்லை. சின்ன வண்டிக்கு நம் நாட்டில் என்ன ராசியோ!

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் போனோம். TN 55 நம்பர், மஞ்சள் நிறம், புளியமரத்தடியில் நின்றது. பின் சீட்டை மடக்கி மூடியைக் கழற்றினேன். இன்ஜின் பின்னால்தான் இருக்கிறது. இரண்டு சிலிண்டர், 624 சி.சி. பாடப் புத்தகத்தில் படம் போட்டுப் படித்ததைவிட அதைத் தொட்டுப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. சக்கரத்துக்கு நாலு நட்டுக்குப் பதில் மூன்று. வைப்பர் ஒன்று. கியர் நாலு. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பெட்ரோல் ஊற்றுவது முன் மூடிக்குள்ளே. எங்கெல்லாம் ஒரு ரூபாய் குறைக்கலாம் என்று யாரோ உட்கார்ந்து உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனைக்கு நான் கைகூப்புவேன். ஆறடி ஆளும் தலை இடிக்காமல் உட்காரலாம்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். ஒரே தடவையில் எடுத்தது. புகை இல்லை. ஆயில் கறுத்திருந்தது, ஆனால் அளவு சரி. மிதியடியைத் தூக்கினால் அடித்தகட்டில் துரு. அதுகூடப் பரவாயில்லை. ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். 2011 நவம்பரில் பதிவானது. பதினைந்து வருஷம் 2026 நவம்பரோடு முடிகிறது. விற்கிறவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. புதுப்பிக்க 2022 முதல் 5,000 ரூபாய் கட்டணம், பசுமை வரி தனி, ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டவேண்டும். காட்டுவதற்கு முன் துருவை வெட்டி வெல்டிங் வைக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்து நோட்டில் கணக்குப் போட்டேன். அப்பத்தாவை மாதம் ஒரு தடவை முள்ளூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வாடகைக் கார் போய்வர 1,500. வருஷத்துக்கு 18,000. ஐந்து வருஷத்துக்கு 90,000. சொந்தக் காருக்கு எழுபதாயிரம், ஆர்.சி., டயர், வருஷா வருஷம் இன்சூரன்ஸ் (சின்ன இன்ஜினுக்குக் கட்டாய இன்சூரன்ஸ் மட்டும் 2,094, அதற்கு மேல் ஜி.எஸ்.டி.), லிட்டர் நூறைத் தாண்டிய பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். இன்னொன்று: 2014-இல் குளோபல் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் நானோவுக்கு ஒரு நட்சத்திரம்கூட இல்லை. அன்றைக்குச் சோதித்த ஆல்ட்டோ 800-க்கும் அதே பூஜ்யம்தான். ஏர்பேக் கிடையாது.

"வேண்டாம்ப்பா" என்றேன்.

அப்பா நோட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், ஆனால் கணக்கு என்னைவிட நன்றாக வரும். "எல்லாம் சரியாத்தான் போட்டிருக்க. போன ஐப்பசியில அப்பத்தாவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு வாங்குனப்ப வாடகைக் கார்க்காரர் போனை எடுத்தாரா? அதை எந்தக் கட்டத்துல எழுதியிருக்க?" என்றார்.

எழுதவில்லை. அந்த ராத்திரி எக்செல்லில் அப்பா ஓட்ட, நடுவில் அப்பத்தா, பின்னால் அம்மா பிடித்துக்கொள்ள, நான் குடையோடு ஆலங்குடி ரோடு வரை ஓடினேன். அதையும் எழுதவில்லை. விடிகாலையில் மல்லிகைப்பூ மூட்டை மழையில் நனைந்து மண்டியில் பாதி விலைக்குப் போவதையும் எழுதவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பா இன்னொன்றும் சொன்னார்: "ரெண்டாயிரம் அட்வான்ஸ் குடுத்துட்டேன்டா."

எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் ஏன் என்னைக் கேட்டார்? மறுநாள் கோபம் ஆறிய பிறகு யோசித்தேன். அவர் கேட்டது வாங்கலாமா என்று இல்லை, என்ன விலைக்குப் பொறும் என்றுதான். நான் கேள்வியையே சரியாகப் படிக்கவில்லை. (பரீட்சையிலும் எனக்கு இதே வியாதி உண்டு.)

நோட்டையும் ஆர்.சி. நகலையும் எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். இந்தத் தடவை நான் பேசினேன். துருவைக் காட்டினேன், தேதியைக் காட்டினேன். அவர் முதலில் "சின்னப் பையன் சொல்றதைக் கேட்டுக்கிட்டு..." என்று இழுத்தார். அப்பா, "அவன் சொல்றதுதாங்க எங்க வீட்டுல முடிவு" என்றார். கடைசியில் 58,000, ஆர்.சி. புதுப்பித்துத் தருவது அவர் பொறுப்பு. என் பங்குக்கு அப்பாவிடம் ஒரு நிபந்தனை போட்டேன்: திருச்சி பைபாஸ் பக்கம் போகக் கூடாது, அறுபதுக்கு மேல் முள் ஏறக் கூடாது. தலையாட்டியிருக்கிறார், பார்ப்போம்.

வண்டி இன்னும் வரவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீசில் தேதி வாங்கவேண்டும். அதற்குள் அப்பா, நீளம் மூணு மீட்டர் பத்து சென்டி, அகலம் ஒன்றரை மீட்டர் என்று என்னிடம் கேட்டு, ஆட்டுக்கொட்டகை ஓரமாக வாசலில் நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டி வைத்திருக்கிறார். கோலம் போட வருகிற அம்மா தினமும் அந்தக் கயிற்றில் தடுக்கித் திட்டிக்கொண்டே தாண்டிப் போகிறார்.