இரு கடலும் ஒரு ஞாயிறும்

கடற்கரை ஊரிற் பிறந்த பிள்ளைக்குக் கடலை அறிமுகஞ் செய்துவைக்க வேண்டுமோ எனச் சிலர் நகைக்கக்கூடும். மீன்குஞ்சுக்கு நீச்சல் கற்பிப்பார் உண்டோ என்பது அவர்கள் வாதம். அங்ஙனம் நகைப்போர் தத்தம் வீட்டுப் பிள்ளைகளை அழைத்து, "உட்துறைமுகம் எந்தப் பக்கம்?" என்று ஒரு தடவை வினவிப் பார்ப்பாராக.

எமது பேரன் ஐந்தாந் தரத்திற் பயில்பவன். புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்கின்றான். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எமது நாட்டில் எங்கே உள்ளது என்று கேட்டால், கண் மூடித் திறக்குமுன் "திருகோணமலை" என்பான். மகாவலி கங்கையின் நீளம் 335 கிலோமீற்றர் என்பதும் அவனுக்கு மனப்பாடம். அக்கங்கை எங்கே கடலோடு கலக்கின்றது என்றோம். "கொட்டியாரக் குடாவில்" என்றான். அக்குடா எந்தத் திசையில் உள்ளதெனக் கைகாட்டச் சொன்னோம். சுவரிலே தொங்கிய தேசப்படத்தைக் காட்டினான்!

பிள்ளையைக் குறைகூறுவதற்கில்லை. கிழமை நாட்களிற் பாடசாலை. மாலையில் தனியார் வகுப்பு. சனிக்கிழமை முழுதும் வகுப்பு. ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலை. பிற்பகல் மீண்டும் வகுப்பு. எஞ்சிய பொழுதைக் கைத்தொலைபேசி விழுங்கிவிடுகின்றது. கடலுக்கு அவன் எந்நேரத்தை ஒதுக்குவான்?

பெற்றோரையும் முற்றாகக் குறைகூறல் தகாது. இன்று பிள்ளைகளை வளர்க்கும் தாய் தந்தையரிற் பலர் 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்திற் பிறந்தோ வளர்ந்தோ வந்தவர்கள். கடற்கரை என்றால் முட்கம்பி, கோட்டை என்றால் சோதனைச்சாவடி என்றே அவர்கள் இளமை கழிந்தது. போதாக்குறைக்கு, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்து, கடலின் மீது எஞ்சியிருந்த நம்பிக்கையையும் அடித்துச் சென்றது. அஞ்சிய தலைமுறை தன் பிள்ளையைக் கடலிலிருந்து காத்தது. அதனால் பிள்ளைக்குக் கடல் பாடப்புத்தகத்தில் வரும் ஒரு சொல்லாயிற்று. இப்படியே இன்னுமொரு தலைமுறை கழியுமாயின், இவ்வூரில் வாழ்வோர் உளர், இவ்வூரை அறிந்தோர் இலர் என்ற நிலை வந்துவிடும்.

ஆகவே பெற்றோர் முன்னிலையில் நாம் வைக்கும் விண்ணப்பம் சிறியது. மாதத்தில் ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமையைப் பிள்ளைக்கும் ஊருக்கும் விட்டுக்கொடுங்கள். கொழும்புக்கோ கண்டிக்கோ போகவேண்டியதில்லை. பெருஞ் செலவும் இல்லை. கட்டுச்சோறு ஒரு பொதி, தண்ணீர்ப் போத்தல் ஒன்று, தலைக்கு ஒரு தொப்பி, இவை போதும்.

அலையுள்ள கடலும் அலையற்ற கடலும்

முதல் ஞாயிறு வெறும் நடைக்கு உரியதாகட்டும். எமது நகரம் இரு நீர்ப்பரப்புகளுக்கு இடையே ஒடுங்கிய நிலத்தின்மேல் அமர்ந்திருக்கின்றது. டச்சுக்குடாக் கரையிலே புறப்பட்டு வீதிகளைக் கடந்து உட்துறைமுகக் கரையை அடைவதற்குச் சிறுவர் நடையில் அரை மணி நேரம் போதும். ஒரு பக்கம் நுரை தள்ளும் அலை. மறுபக்கம் கண்ணாடி போன்ற நீர். எமது பேரன் உட்துறைமுகத்தின் கரையில் நின்று, "அம்மப்பா, இது கடலா, குளமா?" என்றான். மனப்பாடஞ் செய்த விடைகள் பல கூறிய அவ்வாய் முதன்முறையாகக் கேட்ட உண்மையான வினா அது எனலாம்.

அவ்வினாவிற்கு விடை கண்முன்னே இருந்தது. சுற்றிலும் குன்றுகள் காற்றை மறிக்கின்றன, வாயிலோ ஒடுங்கியது. நீருக்கடியிலே கொட்டியாரக் குடாவிலிருந்து ஆழ்கடல் நோக்கி ஒரு பெரும் பள்ளத்தாக்கு செல்கின்றது. காற்றுக்கு ஒதுங்க இடமும், பெருங் கப்பலுக்கு வேண்டிய ஆழமும் ஓரிடத்தில் வாய்த்தமையாலன்றோ போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் பிரித்தானியரும் இதற்காக மாறி மாறிப் பொருதனர்? 1782ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சஃப்ரன் இதைக் கைப்பற்றினார். அவ்வாண்டு இங்கு நடந்த கடற்போரின் நினைவாகப் பிரித்தானியர் தம் போர்க்கப்பல் ஒன்றுக்குத் 'திருகோணமலை' என்றே பெயரிட்டனர். பம்பாயில் தேக்கு மரத்தாற் கட்டப்பட்டு 1817ஆம் ஆண்டு நீரில் இறக்கப்பட்ட அக்கப்பல், இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரிற் காட்சிப் பொருளாக மிதக்கின்றது. தம் ஊர்ப் பெயர் தாங்கிய கப்பல் ஒன்று தொலைதேசத்தில் மிதக்கின்றது என்று கேட்ட பிள்ளைகளின் முகமலர்ச்சியை நாம் கண்டிருக்கின்றோம்.

அந்த ஆழமான பள்ளத்தாக்கின் காரணமாகவே, உலகின் மிகப் பெரிய உயிரினமாகிய நீலத் திமிங்கிலமும் எமது கரைக்கு அண்மையில் வருகின்றது. மே முதல் ஆகஸ்ட் வரை கடல் அடங்கியிருக்கும் காலத்தில் அதைக் காண்பதற்கெனப் படகுகள் செல்கின்றன. படகுக் கூலி எல்லோர்க்கும் இயலாது. ஆயினும் கோணேசர் மலையுச்சியில் பொறுமையோடு அமர்ந்திருப்பவர்க்கு, தொலைவில் எழும் நீர்த்தூவல் எப்போதாவது தென்படுவதுண்டு. தென்படாவிடினும், பிள்ளை ஒரு மணி நேரம் தொடுவானத்தைப் பார்த்திருந்தது வீண் போகாது.

கோட்டைக்குள்ளே ஒரு தேடல்

இரண்டாம் ஞாயிறு கோட்டைக்கு. பிரெட்ரிக் கோட்டையின் வழியாகவே கோணேசர் ஆலயத்துக்குச் செல்லவேண்டும். 1622ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் ஆலயத்தை இடித்து, அக்கற்களைக் கொண்டு 1624இற் கோட்டை எழுப்பினர். வாயிலிற் பதிந்துள்ள பழங்கல்லிலே பாண்டியரின் கயல் இலச்சினையும் தமிழ்ச் சாசனமும் உள்ளன. "மீனைக் கண்டுபிடி" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். யார் முதலிற் காண்பது என்ற போட்டியில், சரித்திரம் தானே உள்ளே புகுந்துவிடும்.

உள்ளே புள்ளிமான்கள் கூட்டமாகத் திரியும். அவை மனிதரைக் கண்டு அஞ்சுவதில்லை. அதுவே அவற்றுக்கு ஆபத்து. தின்பண்டத்தோடு பொலித்தீன் பையையும் அவை விழுங்கிவிடுகின்றன. ஆதலால் பார்க்கலாம், ஊட்டலாகாது. கையில் உள்ள பையைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருதலும் அன்றைய பாடத்தில் ஒன்று.

மலையுச்சியிலிருந்து கீழே நோக்கினால் கடல் முந்நூறு அடிக்கும் தாழ்வில் நீலமாய்க் கிடக்கும். ஆண்டுகள் பல அந்நீருக்கடியிற் கிடந்த ஆலயத் தூண்களையும் சிற்பக் கற்களையும் 1956ஆம் ஆண்டில் மைக் வில்சன் என்னும் நீர்மூழ்கி கண்டார். விஞ்ஞானக் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஆர்தர் சி. கிளார்க் அவருடைய தோழர். அவர்களது கிழக்குக் கடற் பயணங்களை நூலாக எழுதியவர். கரையில் மீண்டும் எழுந்த ஆலயத்துக்கு 1963இற் குடமுழுக்கு நிகழ்ந்தது. கடல் எதையும் தின்று தீர்ப்பதில்லை, சிலவற்றை வைத்துக் காக்கவுஞ் செய்கின்றது என்று பிள்ளைக்குச் சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் ஏது?

வலையும் வெந்நீரும்

மூன்றாம் ஞாயிற்றுக்கு விடியுமுன் எழவேண்டும். கரைவலை இழுக்கும் இடத்துக்குச் செல்லுங்கள். தோணி வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டுக் கரை சேரும். இரு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பற்றி இழுப்பர். அம்பாப் பாட்டின் தாளத்துக்குக் கால்கள் ஒன்றாய்ப் பின்வாங்கும். சில இடங்களில் இன்று இயந்திரமும் இழுக்கின்றது. சம்மாட்டியாரிடம் மரியாதையாகக் கேட்டால், பிள்ளையும் கயிற்றின் கடைசியில் ஒரு கை கொடுக்க விடுவார். மடி கரைக்கு வரும்போது கீரியும் சூடையும் பாரையும் வெள்ளியாய்த் துள்ளும். சில நாட்களில் மடி வெறுமையாகவும் வரும். அத்தனை பேரும் இழுத்து, ஒன்றும் கிடையாமல், பேசாது வலையை உதறும் அக்காட்சியையும் பிள்ளை காணவேண்டும். உண்ணும் மீனுக்குப் பின்னால் உள்ள உழைப்பை அன்று அது அறியும்.

கன்னியாவுக்குச் செல்லும் ஞாயிறு பிள்ளைகளுக்குத் திருவிழா. சிறு சதுரக் கிணறுகள் ஏழு; ஒவ்வொன்றிலும் நீரின் வெம்மை சற்று வேறுபடும். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக வாளால் ஊன்றி உண்டாக்கியவை என்பது ஐதிகம். அதைக் கதையாகச் சொல்லுங்கள். பின்பு, மழைநீர் பாறைப் பிளவுகளினூடே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தாற் சூடேறி, மீண்டும் மேலெழுகின்றது என்ற விஞ்ஞானத்தையும் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வாளியில் அள்ளத்தக்கவை. எது மிகச் சூடான கிணறு என்று பிள்ளைகளே கைவைத்துப் பார்த்து வரிசைப்படுத்தட்டும்; பரிசோதனை என்பதன் பொருள் அதுவே.

சற்று வளர்ந்த மாணவருக்கு அமைதியான இடங்கள் சில உண்டு. நகரத்துப் பழைய கல்லறைத் தோட்டத்திலே, ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்ள்ஸ் ஆஸ்டின் துயில்கின்றார். கடற்படைத் தளபதியாக இருந்து 1852இற் பர்மாவில் மறைந்தவர் அவர். நிலாவெளி வீதியில் உள்ள போர்வீரர் மயானத்தில், இரண்டாம் உலக யுத்தத்தில் மாண்ட பல நாட்டினரும் வரிசையாய் உறங்குகின்றனர். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு வீசின. அந்நாளிலேயே 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிற்று. கல்லறைகளில் உள்ள வயதுகளை வாசிக்கச் சொல்லுங்கள். தம் அண்ணன்மார் வயதினர் பலர் அங்கிருப்பதை மாணவர் காண்பர். யுத்தத்தைப் பற்றிப் பெரியோர் செய்யும் நீண்ட உபதேசத்திலும் அவ்வெண்கள் அதிகம் பேசும்.

புறாத்தீவுப் பயணம் செலவுடையது. ஆண்டுக்கொரு முறை போதும். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் உள்ள அத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாயிற்று. முருகைக்கற்கள் கல்லல்ல, உயிருள்ளவை. மிதித்தால் மாளும் என்பதைப் படகேறுமுன் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிடவேண்டும்.

அச்சமும் அறிவும்

"பரீட்சை என்னாவது?" என்று கேட்கும் தாய்மார்க்கு ஒரு சொல். மாதத்தில் ஒரு நாள் குறைவதால் புள்ளி குறையாது. கண்ணாற் கண்டது மறவாது. "கடல் ஆபத்தன்றோ?" என்று கேட்கும் தந்தையர்க்கும் ஒரு சொல். ஆபத்துத்தான். வாடைக்காற்று வீசும் நவம்பர் முதல் பெப்ரவரி வரை கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் நீரில் இறங்குதல் தகாது. கச்சான் காற்று வீசும் மாதங்களிற் கிழக்குக் கடல் அடங்கும். அப்போதும் பெரியவர் துணையின்றிச் சிறுவர் இறங்கலாகாது. ஆனால் கடலை அறியாத பிள்ளைக்கே கடல் மிகுந்த ஆபத்து. எக்காலத்தில் நம்பலாம், எவ்விடத்தில் நம்பலாகாது என்பதை அறிந்த பிள்ளை, கரையிலே நின்று கும்பிடவும் தெரிந்துகொள்ளும். நீச்சலைப் பழக்குங்கள். அது விளையாட்டு மாத்திரமன்று, துறைமுகத்து மக்களின் எழுத்தறிவு.

எமது பிள்ளைகளிற் பலர் நாளை படிப்பின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் கொழும்புக்கும் அப்பாலும் செல்வர். சென்ற இடத்தில், "உன் ஊர் எப்படிப்பட்டது?" என்று ஒருவர் கேட்கக்கூடும். அதற்குப் பாடப்புத்தகத்தின் ஒரு வரியை ஒப்புவிப்பதா? அன்றி, ஒரு பக்கம் அலையும் மறுபக்கம் அமைதியுமாய் இரு கடலுக்கிடையே தாம் நடந்த தெருவைச் சொல்வதா? அதைத் தீர்மானிப்பவர்கள் பெற்றோராகிய நீங்களே. வருகின்ற ஞாயிறு எத்தனை மணிக்கு வகுப்பு என்று பார்க்குமுன், காற்று எந்தப் பக்கம் வீசுகின்றது என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்.