திருத்தியவன் குற்றம்

கண்ணகி வழக்குரையைக் கெடுத்தவர்களில் நானும் ஒருவன். கறையானும் வெள்ளமும் தின்றது போக எஞ்சியதை, தமிழ் படித்த திமிரில் நான் தின்றேன்.

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கண்ணகை அம்மன் கோயில்கள் பல. அவற்றில் பலவற்றின் கதவு வைகாசியில்தான் திறக்கும். குளிர்த்திச் சடங்கு முடியும்வரை, கண்ணகி கதையைப் பாடும் வழக்குரையை உடுக்கடித்துப் படிப்பார்கள். எங்கள் ஊர்க் கோயிலில் இருந்த படி, ஏட்டைப் பார்த்து யாரோ பழைய கொப்பியில் எழுதி வைத்தது. தொட்டால் தாள் பொடிந்தது. புதுப்படி ஒன்று எடுத்துத் தரும்படி கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் என்னைக் கேட்டார். ஊரில் தமிழ் படிப்பித்த வாத்தியார் நான் என்பதால் கேட்டார்.

என் கையில் இருந்த அளவுகோல் தண்டியலங்காரம். தன்னேரில்லாத் தலைவன், மலை, கடல், நாடு, வளநகர் வருணனை, அறம் பொருள் இன்பம் வீடு என்று காப்பிய இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதி எழுதித் தேய்ந்த கை இது. வழக்குரை அந்தச் சட்டத்துக்குள் அடங்கவில்லை. சில இடத்தில் சீர் மிகுந்தது, சில இடத்தில் தளை தட்டியது. ஒரே விளி நாலைந்து பாட்டுக்கொருமுறை திரும்பி வந்தது. எழுதினவன் கைப்பிழை என்று அவற்றையெல்லாம் வெட்டினேன். ஊர்ச்சொல் இருந்த இடத்தில் நிகண்டுச் சொல்லை வைத்தேன். சிலப்பதிகாரத்தில் இல்லாத கடலோட்டு காதையை இடைச்செருகல் என்று சொல்லிப் பாதியாகச் சுருக்கினேன். பிறகு ரைப் செய்து, போட்டோக்கொப்பி எடுத்து, பெருமையோடு கொடுத்தேன்.

அந்த வைகாசியில் படித்தவர் எனக்கு அம்மான் முறை. இளவயதிலிருந்து வழக்குரை படித்தவர். கொலைக்களக் காதையில் கண்ணகி புலம்பும் இடம் வந்தது. உடுக்கை ஓங்கி அடித்து, திரும்பி வரவேண்டிய அடிக்காக மூச்சை இழுத்தார். தாளில் அந்த அடி இல்லை. பின்பாட்டுக்காரர் பழக்கத்தில் அதையே எடுத்துக் கொடுக்க, அம்மான் அடுத்த பாட்டைத் தொடங்க, இரண்டும் முட்டிக்கொண்டு பாட்டு நின்றது. அழுதுகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அம்மான் என் பக்கம் திரும்பி, “மனே, இந்த அடி மறுகா வரணுமே, எங்க போச்சு?” என்றார்.

நான் பேசவில்லை. பிறகு வெளிவீதியில் சிலர் விசாரித்தபோது, “அம்மானுக்குக் கண் மங்கிப் போச்சு” என்றேன். அடுத்த வருஷம் வேறொருவரைப் படிக்க விட்டார்கள். அடிகளை வெட்டியதை அறியாமை என்று மன்னிக்கலாம். இந்தப் பொய்க்கு அந்தச் சாக்கும் இல்லை.

நான் பிழை என்று நினைத்தது கதைப்பாட்டின் எலும்பு. திரும்பி வரும் அடி படிப்பவருக்கு மூச்சு, பின்பாட்டுக்கு அடையாளம், பிந்தி வந்து குந்துபவருக்குக் கதை எங்கே நிற்கிறது என்ற செய்தி. மிகுந்து நின்ற சீரை உடுக்கின் தாளம் தனக்குள் வாங்கிக்கொள்ளும். கண்ணால் அலகிட்டவனுக்கு அது கேட்காது. இத்தனைக்கும் கானல்வரியில் மடங்கி வரும் அடிகளை வகுப்பில் மெச்சிப் பேசியவன் நான். இளங்கோவுக்கு அழகாக இருந்தது எங்கள் ஊர்ப் புலவனுக்கு மட்டும் பிழையாகிவிட்டது.

கடலோட்டு காதையைச் சுருக்கியது இன்னும் பெரிய குற்றம். கண்ணகியின் சிலம்புக்குப் பரலாக நாகமணி வேண்டுமென்று மீகாமன் என்பவன் கடலோடுகிறான், வெடியரசன் என்பவனோடு பொருதுகிறான். சிலப்பதிகாரத்தில் பரல் மாணிக்கமா முத்தா என்பது வழக்கு மன்றத்தில்தான் முடிவை மாற்றுகிறது. வழக்குரையிலோ அந்தப் பரல் எப்படி வந்தது என்பதைக் கேட்டவர்களுக்கு முன்னமே தெரியும். சிலம்பு கள்வன் பொருளாகிப் போகும்போது அவர்கள் வயிறு எரிவது அதனால்தான். அந்தக் காதையைக் குறைத்தால் வழக்கின் கனமும் குறையும். கதை சொல்லத் தெரிந்தவன் செய்த வேலையை, இலக்கணம் மட்டும் தெரிந்தவன் குலைத்தேன்.

எப்படிச் செய்திருக்க வேண்டும் என்பதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், ஏடுகள் வேறுபட்ட இடங்களில் பாடபேதம் காட்டினார். வி.சீ. கந்தையா பதிப்பித்த கண்ணகி வழக்குரை 1968இலேயே வெளிவந்துவிட்டது. அதை எடுத்து ஒப்பிட்டிருக்கலாம். அம்மானை ஒருநாள் முழுக்கப் பாடச் சொல்லிக் கேட்டிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை, தேவை என்றே தோன்றவில்லை.

அம்மான் பார்வையில் ஒரு குறையும் இருக்கவில்லை. பிழை என் தாளில் இருந்தது. இதை அவர் காதுபடச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை, இப்போது அவர் இல்லை.

என் படி பக்கத்து ஊர்களுக்கும் போயிருக்கிறது. வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்துப் படிக்க வேண்டாம். வீட்டில் பழைய கொப்பியோ ஏடோ கிடந்தால் உள்ளது உள்ளபடி எழுதுங்கள், சந்தேகத்தை ஓரத்தில் குறியுங்கள். எழுதுமுன் படிக்கத் தெரிந்த ஒருவரை உடுக்கோடு பாடவைத்துப் பதிவு செய்யுங்கள். என்னைப் போன்ற வாத்தியார்களிடம் தனியே கொடுத்துவிடாதீர்கள்.